பாதி முறை

என் கணவர் செங்கோட்டுவேல் அன்று காலை வாயில் ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தண்ணீர் அளவாகத்தான். தாகம் தாங்காதபோது ஒரு கட்டியைப் போட்டுக் கரைய விடுவார். கரைகிற வரைக்கும் பேச மாட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் குறை சொல்ல ஆரம்பிப்பேன்.

"ஊர் லாரிக்கெல்லாம் கதவு மாட்டினீங்க. நம்ம கொல்லைக் கதவு ஆடிட்டே கெடக்குது. என்னிக்குங்க பாக்கறது?"

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, வாயில் ஐஸ் இருக்கிறது என்று சைகை செய்தார். கண்கள் சிரித்தன. நான் பையை எடுத்துக்கொண்டு கிளை நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

மதியத்துக்கு முன்பே பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தபோது செய்தித்தாள் மடியிலேயே இருந்தது.

இறப்புச் சான்றிதழில் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த நோய் அவருக்கு இருந்தது உண்மை. அதோடு அவர் இன்னும் பல வருடம் இருந்திருப்பார் என்பதும் உண்மை. எங்கள் ஊரில் அதே நோயோடு அப்படி இருந்தவர்கள் உண்டு.

எங்கள் ஊர் கல்லாங்காட்டூர். சங்ககிரிச் சாலையில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஊர். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டி இங்கே கேபினும் பாடியும் பெயிண்டும் வாங்கிக்கொண்டு வெளியே போகும். மின்சார லாரி வந்த பிறகும் அது மாறவில்லை. இன்ஜின் எதுவானாலும் டிரைவர் உட்கார ஒரு கூடு வேண்டும். என் கணவர் நல்லசிவம் பட்டறையில் கேபின் மேஸ்திரி. உடம்பு முடியாமல் போன பிறகும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வேலையை நடத்துவார்.

இந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. சேஸிஸ் வரத்து குறைந்தால் யாரையும் நிறுத்த மாட்டார்கள். பாதி முறை போடுவார்கள். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான். கூலியும் பாதி. உலகமெங்கும் வங்கிகள் விழுந்த வருடத்தில் அப்படித்தான் ஓட்டினார்கள். பெருந்தொற்றுக் காலத்திலும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு பொருளாதார மந்தங்களிலும் அதுதான். அரசாங்கம் ஒவ்வொரு முறையும் வேலையிழந்தவர்களுக்கு நிவாரணம் அறிவித்தது. எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போய் நிற்கவில்லை. "வேலை போச்சுன்னு சொல்றதுக்கு வேலை போகோணுமில்ல?" என்பார் நல்லசிவம். அதை அவர் பெருமையாகச் சொல்வார். கேட்கிற நாங்களும் பெருமையாகவே கேட்டுக்கொண்டோம்.

எங்களுக்குத் தெரியாமல் அதை வேறு ஒன்றும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குச் சமன் என்று பெயர் வைத்திருந்தார்கள். காசு எல்லாம் கணினிப் பணமாகி, கடனும் ஆர்டரும் சரக்கும் ஒரே வலையில் ஓட ஆரம்பித்த பிறகு செய்த இயந்திரம் அது. கடந்துபோன மந்தங்கள் அத்தனையையும் அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். எங்கே எத்தனை பேருக்கு வேலை போனது, எந்த ஊரில் கடை மூடியது, எங்கே கலவரம் வந்தது, எங்கே வரவில்லை. அடுத்த மந்தம் வாசலுக்கு வந்தபோது அமைச்சர் தொலைக்காட்சியில் வந்து சிரித்துக்கொண்டே விளக்கினார். மின்சாரம் போதாவிட்டால் நாடு முழுவதையும் இருட்டாக்குகிறோமா? சில இடத்தில் சில நேரம் நிறுத்துகிறோம், மற்ற இடம் எரிகிறது. இனி மந்தமும் அப்படித்தான். நாடு முழுக்கப் பரவ விடாமல் சில ஊர்களில் மட்டும் இறக்கி, அங்கேயே முடித்துவிடலாம். அந்த ஊர்களைச் சமன் தேர்ந்தெடுக்கும். மனிதர் தலையீடு இல்லை, எனவே பாரபட்சம் இல்லை.

ஜனங்கள் அதற்கு மந்தவெட்டு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர் முதல் சுற்றிலேயே வந்தது.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து சேஸிஸ் வரவில்லை. வண்டிகள் வேறு மாவட்டத்துப் பட்டறைகளுக்குத் திரும்பிவிட்டன. பேங்க் கடன் எங்கள் பின்கோடுக்கு மட்டும் நின்றது. தொலைக்காட்சியில் சென்னையில் புதுக் கார் வாங்கியவர்கள் மாலை போட்டுக்கொண்டு நின்றார்கள். நல்லசிவம் பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆறு மாசம்னு சொல்றாங்கப்பா. பாதி முறை போட்டுக்குவோம். நாம பாக்காததா?"

பார்த்ததுதான். ஆனால் முன்பெல்லாம் பட்டறைக்கு வேலை குறையும், மளிகைக் கடை ஓடும், மருந்துக் கடை ஓடும். இந்தத் தடவை எல்லாமே சேர்ந்து குறைந்தது. என் கணவர் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போய்வந்த, ஒரு அறக்கட்டளை நடத்திய டயாலிசிஸ் மையத்துக்குப் பொருள் கொடுத்துவந்த கம்பெனி கடன் தர மறுத்தது. வரவேண்டிய ரத்த வடிகட்டிகளில் பாதிதான் வந்தன.

அன்று நானும் அங்கே இருந்தேன். நர்ஸ் ஸ்டெல்லா நோயாளிகள் முன்னால் வந்து நின்று சொன்னாள்: "எல்லாருக்கும் வாரத்துல ரெண்டு தடவ பண்ண முடியாதுங்க. பாதிப் பேர் சேலத்துக்குத்தான் போகணும். அங்கயும் எடம் கெடைக்குமான்னு தெரியல. யார் யாருன்னு டாக்டர் சொல்வாரு."

யாரும் பேசவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த பெயிண்டர் சம்சுதீன் பாய் தரையைப் பார்த்தார். சேலம் போய்வர வண்டிக் கூலிக்கே அந்த மாதத்தில் யாரிடமும் வழியில்லை.

என் கணவர் படுத்தபடியே கையைத் தூக்கினார். "எதுக்கு ஆளைப் பிரிக்கறீங்க? பாதி முறை போட்டுடுங்க அம்மிணி. ஆளுக்கு வாரத்துக்கு ஒண்ணு."

"அண்ணா, இது பட்டறை இல்லீங்கண்ணா. ரத்தம்."

"ரத்தமும் நம்ம ஊரு ரத்தம்தான? பழகிக்கும். ஆறு மாசம்தான. தண்ணிய இன்னுங் கொஞ்சம் கொறைச்சுக்கறோம். என்ன பாய்?"

"செங்கோடா, நீ சொன்னாச் சரி" என்றார் பாய். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு அம்மா அழுதுகொண்டே அவரைக் கும்பிட்டார். தன் பெயர் சேலத்துக்கு அனுப்பும் பாதியில் வந்திருக்கும் என்று அந்த அம்மாவுக்கு எப்படியோ பட்டிருக்கிறது. டாக்டர் வந்து, நல்லதில்லை, ஆனால் சில வாரம் சமாளிக்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நான் என் கணவரோடு சண்டை போட்டேன். "உங்களை யாருங்க கேட்டாங்க?" என்றேன்.

"எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க, கோகிலா" என்றார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மையத்தில் ஒரு நோயாளிகூட விட்டுப்போகவில்லை என்று பதிவானது. எல்லாருக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. சமன் அதைப் பார்த்தது. பாதிப் பொருளில் முழு ஊரும் நடக்கிறது என்று கண்டுகொண்டு, அடுத்த மாதம் பொருளை இன்னும் கொஞ்சம் குறைத்தது.

வாரத்துக்கு ஒன்று என்பது பத்து நாளைக்கு ஒன்று ஆயிற்று. அவர் முகம் வீங்கியது. மூச்சு இரைத்தது. பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். அந்த அழுத அம்மா முதலில் போனார். அதற்குப் பிறகு இவர். காரியம் முடிந்த வாரத்தில் மந்தவெட்டு முடிந்ததாக அறிவிப்பு வந்தது. ஒரு மந்தத்தை நாடு உணராமலே கடந்துவிட்டது என்று தலைநகரத்தில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் தெருவிலும் இரண்டு பேர் வெடித்தார்கள். சேஸிஸ் வந்த சந்தோஷம்.

எனக்கு எழுதத் தெரியும். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. சமன் ஆணையத்துக்கும் அமைச்சருக்கும் எல்லாப் பத்திரிகைகளுக்கும் எழுதினேன். எனக்குக் கோபம் வந்தால் வாக்கியம் சுருங்கிவிடும். கடைசியில் ஒரே வாக்கியமாகச் சுருங்கியது: என் கணவரை உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

அதற்குப் பதிலாக ஒரு ஆள் வந்தான். ஆணையத்திலிருந்து இனியன் என்று ஒரு இளைஞன். நூலகத்துக்கு வந்து, படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு ஆகாமல் மெதுவாகப் பேசினான். நல்ல பையன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அம்மா, நீங்க எழுதினதை எல்லாம் படிச்சேன். தப்பு நடந்திருக்கு."

"யார் பண்ணின தப்பு?"

"சமன் நாலு மந்தத்திலிருந்து கத்துக்கிட்டது. நாலுலயும் உங்க ஊர்ல வேலையிழப்பு பூஜ்யம். நிவாரணம் கேட்டவங்க பூஜ்யம். போராட்டம் இல்ல. சுமையை இங்க வெச்சா வலி குறைவுன்னு அதுக்குப் பட்டுச்சு."

"வலி குறைவா இருந்துச்சா, நாங்க சொல்லலையா?"

"அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா."

"உங்களுக்கு?"

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"அப்ப நாங்க ஒவ்வொரு தடவையும் நாலு பேரை ரோட்ல தள்ளியிருந்தா, எங்க ஊர் தப்பிச்சிருக்கும்" என்றேன்.

"சொல்லக் கூடாது. ஆனா, ஆமா."

"அட கண்ணு, இதைக் கத்துக்கவா ஒரு மெஷினு?"

ஒரு நாடு தன் பழைய மந்தங்களிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். எங்கள் நாடு கற்றுக்கொண்டது. எந்தக் கடன் தவறாகப் போனது, எவன் கொழுத்தான், எதைத் திரும்பச் செய்யக் கூடாது என்று அது கற்றிருக்கலாம். அதை விட்டு, யார் வாயைத் திறக்காமல் தாங்குகிறார்கள் என்பதைக் கற்றுக்கொண்டது. பாடம் படித்தது மெஷின், அதை அடிக்க முடியாது. பாடத்தைத் தேர்ந்தெடுத்தவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

இனியன் போவதற்கு முன் சொன்னான். "அடுத்த சுற்று வரப்போகுது. நீங்க எழுதினது வீணாகல. உங்க ஊருக்கு விலக்கு கொடுக்க ஆணையம் ஒத்துக்கிட்டிருக்கு. ஊர்ச் சம்மதம் வேணும். கூட்டம் போடுங்க, நான் வரேன்."

அன்று வீட்டுக்குப் போய் முதன்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவர் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் சம்சுதீன் பாய்க்கு அப்படி ஆகாது. இன்னொருத்தி என்னைப்போல் எழுதிக்கொண்டு உட்கார மாட்டாள். அது நடந்தால் போதும் என்று நினைத்தேன்.

கூட்டம் கூடு கட்டுவோர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. இனியன் விலக்கு பற்றிச் சொன்னதும் கைதட்டினார்கள். நல்லசிவம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து வெல்டர் ஒருவர் எழுந்து கேட்டார்:

"ஏனுங் தம்பி, நம்மளை உட்டா அந்தச் சுமை எங்க போகும்?"

இனியன் பொய் சொல்லியிருக்கலாம். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, கண்ணு, காற்றில் கரைந்துபோகும் என்று சொல்லிவிடு.

"அடுத்த ஊருக்குப் போகும்" என்றான். "வேம்படித்துறைன்னு தெற்கே கடலோரத்துல. உப்பளத் தொழிலாளிங்க. அவங்களும் இதுவரைக்கும் புகார் கொடுத்ததில்ல."

கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எனக்குத் தெரியும். டயாலிசிஸ் மையத்தில் அதைக் கேட்டிருக்கிறேன்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "அவங்க தலையில முழுசும் கட்டறதா? அது ஆகாதுங்க. பாதிய நாம எடுத்துக்குவோம்."

"நல்லசிவம் அண்ணா, உக்காருங்க" என்றேன். நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை.

"அம்மிணி, நீ பட்டதை நாங்க மறக்கலை…"

"மறந்துட்டீங்க. பாதின்னு சொன்ன வாயி ஒண்ணை நான் சுடுகாட்டுல வெச்சுட்டு வந்திருக்கறேன். நீங்க பாதி எடுத்தா என்னாகும்னு தெரியுமா? தாங்கறாங்கன்னு சமன் எழுதிக்கும். அடுத்த வருசம் முக்கால். வேம்படித்துறைக்கும் முக்கால். நீங்க அவங்களைக் காப்பாத்தல. மெஷினுக்குத் தீனி போடறீங்க."

"அப்ப அந்த ஊர்க்காரன் சாகட்டுமா?" என்று வெல்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ரெண்டு ஊரும் வேண்டாம்னு சொல்லுங்க. மெட்ராஸ்ல வையுங்க, டெல்லியில வையுங்கன்னு சொல்லுங்க. கார் வாங்கறவன் வீட்ல ஒரு வாரம் வையுங்க."

சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் ஒருவர், "அக்கா சொல்றதுல ஞாயம் இருக்குப்பா" என்றார். எல்லாரும் இனியனைப் பார்த்தார்கள்.

அவன் மேசையில் விரலால் கோடு போட்டான். "பெரிய நகரத்துல வைக்க முடியாதுங்க. ரெண்டு மந்தத்துக்கு முன்னாடி தலைநகரத்துல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. அரசாங்கம் கவிழ்ந்துச்சு. அதையும் சமன் படிச்சிருக்கு."

"கேட்டீங்களா?" என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "இதைவிடத் தெளிவா யாரு சொல்லுவாங்க? ரோட்டுக்கு வாங்க. கட்டி வெச்சிருக்கற வண்டியை எல்லாம் பைபாஸ்ல குறுக்க நிறுத்துங்க. ஒரே ஒரு நாள் கத்துங்க. அதுவும் அதோட பாடத்துல ஏறட்டும்."

"வண்டி நம்முளுது இல்லையே, அம்மிணி" என்றார் நல்லசிவம். "நம்பி உட்டுட்டுப் போயிருக்கறாங்க. டெலிவரி தேதி இருக்குது."

டெலிவரி தேதி. நான் அவரையே பார்த்தேன். என் கணவர் உயிரோடு இருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். இத்தனை நாளும் அந்த மெஷினை வெறுத்தேன். அந்த நிமிஷத்தில் என் ஊரை வெறுத்தேன். என் கணவரையும் வெறுத்தேன். நல்லவர்களாக இருப்பதற்கு இவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. அந்த வழியை அளந்து, எண்ணாக்கி, வேலிபோட்டு, எவனோ தனக்கு நிலமாக்கிக்கொண்டான். இவர்கள் இன்னும் அந்த நிலத்தில் வரிசையாகப் போய் நிற்கிறார்கள், நேரத்துக்கு முன்பே.

"பாதி எடுத்துக்கறதுக்குச் சம்மதிக்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் நல்லசிவம்.

முதல் கை சம்சுதீன் பாயுடையது. ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறாகப் புடைத்த கை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பாய்," என்றேன், "நீங்களுமா?"

"அன்னிக்கு சேலத்துக்கு அனுப்பற பாதியில என் பேரு இருந்துச்சு, டாக்டரே அப்புறம் சொன்னாரு, தங்கச்சி. செங்கோடன் வாயத் தொறக்கலைன்னா நான் இப்ப இல்ல. இப்ப நான் வாயத் தொறக்காம எப்படி?"

"அவரு தொறந்ததாலதான் அவரு இல்லீங்க பாய்."

"தெரியும்" என்றார். கை இறங்கவில்லை.

பிறகு மற்றக் கைகள் எழுந்தன. நூலகத்துக்கு வருகிற பெண்கள், நல்லசிவத்தின் மருமகள், ஸ்டெல்லாகூட. என்னைப் பார்த்தபடி தூக்கினவர்கள் சிலர், பார்க்காமல் தூக்கினவர்கள் சிலர். நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை, இப்போதும் இல்லை. வேம்படித்துறையில் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊரிலும் இதேபோல் ஒரு கூட்டம் நடந்து, எங்களுக்காகப் பாதியைக் கேட்டிருப்பார்கள் என்றும் தெரியும். அப்படிக் கேட்டார்கள் என்று இனியன் பின்னால் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, எப்படிம்மா என்றான். சமனுக்கு இது புதுசு, அது இதிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளும் என்றான். சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவனுக்கு விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆணை போன வாரம் வந்தது. சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் போய்ப் படித்தேன். எங்கள் ஊருக்குப் பாதி, வேம்படித்துறைக்குப் பாதி. டயாலிசிஸ் மையங்களுக்கு முழு விலக்கு என்று ஒரு புது வரி சேர்த்திருக்கிறார்கள். அது நான் எழுதியதால் வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லசிவம் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "செங்கோடன் பேர் நின்னுடுச்சு, அம்மிணி" என்றார். அவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

நான் கீழே வரைக்கும் படித்தேன். ஊர்களும் நகரங்களும் அகர வரிசையில் இருந்தன, ஒவ்வொன்றின் எதிரேயும் அது தாங்க வேண்டிய சுமை. போன ஆணையில் இருந்ததற்கும் இதற்கும் பல இடங்களில் எண் மாறியிருந்தது.

தலைநகரத்துக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது. போன தடவையும் பூஜ்யம்தான்.